ஒற்றைத் தும்மல்

பாத்திரத்தைத் தொடக் கூடாது, குழாயைத் திறக்கக் கூடாது, பின்கதவைத் திறக்கவே கூடாது, அது கீச்சென்று கத்தும், காம்பவுண்டு முழுக்கக் கேட்கும், டெல்லிக்கும் கேட்கும் என்று சொல்லிவிட்டுத்தான் மீனா நடுக்கதவைச் சாத்தினாள். சாத்தும்போது என் முகத்தைப் பார்த்து, "அம்மா, இருமல் வந்தாக்கூட முழுங்கிரு, என்ன" என்றாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். சரி என்று வாய்விட்டுச் சொல்லக்கூடப் பயம், அதற்குள் இன்டர்வியூ எடுக்கிறவர்கள் கம்ப்யூட்டருக்குள் வந்து உட்கார்ந்துவிட்டிருந்தால் என்ன செய்வது. இப்போது அடுப்படியில் சிலிண்டர் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறேன், உட்காரலாம்தான், ஆனால் உட்கார்ந்தால் முட்டி சொடக்கும், எழுந்தால் இன்னொரு முறை சொடக்கும். பலகைக் கதவு, அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவதே கேட்கிறது. குட் மார்னிங் சொன்னாள். மூன்று பேர் பதிலுக்குச் சொன்னார்கள், இரண்டு பெண் குரல், ஒரு ஆண் குரல். ஆண் குரல் கொஞ்சம் கரகரப்பு, அவருக்கும் இருமல் இருக்கும் போல, அவர் இருமலாம், அவர் பிள்ளைகளை எடுக்கிற ஆள். டெல்லி பக்கத்தில் இருக்கிற யுனிவர்சிட்டியாம், ஊர் ஊருக்கு இருக்கிற காலேஜ் மாதிரி இல்லையாம், எங்கெங்கேயோ இருந்து பிள்ளைகள் வந்து முட்டி மோதி, கடைசியில் கைப்பிடி அளவு பேரை எடுப்பார்களாம், எடுத்துவிட்டால் படிப்பு, சாப்பாடு, தங்குவது எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். மார்க்கை மட்டும் பார்த்து எடுக்க மாட்டோம் என்று அவர்களே போட்டிருக்கிறார்களாம், அதை எத்தனை தடவை எனக்கு வாசித்துக் காட்டினாள். மார்க்கை மட்டும் பார்க்க மாட்டோம் என்றால் மார்க்கையும் பார்ப்போம் என்றுதானே அர்த்தம். அந்த 'மட்டும்' என்கிற சொல்லில் தொங்கிக்கொண்டு இருக்கிறாள் என் பிள்ளை.

மார்க். அந்த மார்க்கில் நான் பட்ட கேவலத்தைச் சொல்ல வேண்டும். அந்த யுனிவர்சிட்டிக்கு எழுதின பரீட்சை ரிசல்ட் வந்த அன்றைக்கு நான் ஏலக்காய்க் குடோனில் இருந்தேன், போனில் கேட்டேன், என்னத்தா வாங்கியிருக்க என்று. முப்பத்தெட்டு என்றாள். அவள் குரல் எப்படி இருந்தது என்று அப்போது நான் கவனிக்கவில்லை, முப்பத்தெட்டு என்ற எண்தான் காதில் விழுந்தது, முப்பத்தைந்துக்கு மேல் என்றால் பாஸ், எனக்குத் தெரிந்த படிப்பில் அது ஒன்றுதான் மாறாத கணக்கு. மூன்று மார்க் தாண்டிவிட்டாள் என்று சந்தோஷத்தில் எழுந்து நின்றே கத்திவிட்டேன், மதியம் ஜாங்கிரி வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தேன். கூட உட்கார்ந்து காய் பொறுக்குகிற பேச்சியக்கா ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டு, "ஏ போது, உன் மக டெல்லிக்குப் போயிட்டா உன்னைய கையில பிடிக்க முடியாதுடி, நீயும் இங்கிலீசுலதான் காய் பொறுக்குவ" என்றாள், குடோன் முழுக்கச் சிரிப்பு, நானும் சிரித்தேன், எவ்வளவு சிரித்தேன். வீட்டுக்கு வந்தால் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். அப்புறம்தான் சொன்னாள், "அது மார்க் இல்லம்மா, பெர்சன்டைல். நூறு பேர வரிசையா நிறுத்துனா என் பின்னாடி முப்பத்தெட்டு பேருதான், மத்தவங்க எல்லாம் எனக்கு முன்னாடி நிக்காங்க." எனக்கு வரிசை என்றால் தெரியும், ரேஷன் கடை வரிசையில் பாதிக்குப் பின்னால் நிற்கிறவளுக்குச் சீனி கிடைக்காது, அதுவும் தெரியும். ஜாங்கிரி தின்ற வாய் ஒவ்வொன்றையும் நினைத்துக்கொண்டே அன்றைக்குப் படுத்தேன். மறுநாள் யாரிடமும் மாற்றிச் சொல்லவில்லை, எப்படிச் சொல்வது, தின்றது தின்றதுதானே. பேச்சியக்கா இன்னமும் கேட்கிறாள், என்னாச்சு டெல்லி, எப்ப ரயிலு என்று.

உள்ளே மீனா பேசுகிறாள். நல்லாத்தான் பேசுகிறாள், நிற்காமல் பேசுகிறாள், வாக்கியத்தின் கடைசியில் மட்டும் கொஞ்சம் குரல் ஏறுகிறது, அது அவள் அப்பாவிடம் ஏதாவது வாங்கக் கேட்கும்போது வருகிற குரல். அப்படிப் பேசாதே என்று சொல்ல வேண்டும் போல் இருக்கிறது, கேட்கிற மாதிரிப் பேசாதே, கேட்கிறவர்களுக்குத்தான் இல்லை என்பார்கள். அவள் அப்பா இந்நேரம் மலையில் வளைவில் ஜீப்பைத் திருப்பிக்கொண்டிருப்பார், எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகிறவர், காலையில் போகும்போது அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னார், "உள்ளூர்ல இருக்க காலேஜு அவளுக்குக் கசக்குதாக்கும், மார்க்கு எடுத்த பிள்ளையெல்லாம் சும்மா இருக்கு, இது மலையேறப் போகுதாம், பிரேக்கு இல்லாத வண்டி." அவர் சொல்வது தப்பு என்று நெஞ்சு சொல்கிறது, எங்கே தப்பு என்று கேட்டால் காட்டத் தெரியவில்லை. குடோனில் காயைச் சல்லடையில் கொட்டி ஆட்டுவார்கள், பெரிய காய் மேலே நிற்கும், சின்னது கீழே விழும், விழுந்ததை யாரும் ஏன் விழுந்தாய் என்று கேட்பதில்லை, அதுக்கென்று ஒரு சாக்கு, அதுக்கென்று ஒரு விலை, அவ்வளவுதான். பார்க்க வாடலாக இருக்கிற சின்னக் காயை உடைத்தால் சில நேரம் வாசம் ஆளைத் தூக்கும். அதனால் என்ன, உடைத்துப் பார்த்தா வாங்குகிறார்கள். மீனா உடைத்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள் என்று நம்புகிறாள், அதற்குத்தானே கட்டுரை எழுதச் சொன்னார்கள், கட்டுரை பிடித்துத்தானே பேசக் கூப்பிட்டார்கள் என்கிறாள். நம்பட்டும். நானும் நம்பத்தான் பார்க்கிறேன், கொஞ்ச நேரம் நம்பிக்கை நிற்கும், அப்புறம் அந்த முப்பத்தெட்டு வந்து குறுக்கே நிற்கும்.

மூக்கில் ஏதோ ஊர்கிறது. காய்த் தூசி, எத்தனை தடவை முகம் கழுவினாலும் உள்ளே கொஞ்சம் தங்கிவிடும், ஒரு பொழுதுக்குத்தான் லீவு கேட்டேன், காலையில் போய்க் கொஞ்சம் பொறுக்கிவிட்டு வந்தேன், போயிருக்கக் கூடாது. மூக்கைப் பிடித்துக்கொள்கிறேன். வேறு எதையாவது நினைக்க வேண்டும், தும்மலை நினைத்தால் தும்மல் வரும். மீனா கைக்குழந்தையாக இருந்தபோது தும்மினால் நூறு என்போம், அடுத்ததற்கு இருநூறு என்போம், ஆயுசுக்குச் சொல்வது. அவள் வாழ்க்கையில் வாங்கிய நூறெல்லாம் தும்மலுக்கு வாங்கியதுதான். சிரிப்பு வருகிறது, சிரிக்கக் கூடாது. பிள்ளை மக்கு இல்லை. பரீட்சை என்று உட்கார்ந்தால் கை வேர்த்து எழுதினது அழிகிறது, படித்தது எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கிறது. அது என் ரத்தமோ என்று நினைப்பேன், எனக்கும் எட்டாம் வகுப்பில் டீச்சர் எழுப்பிவிட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எட்டோடு நின்றுவிட்டேன். அதற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை, பெரிய பள்ளிக்கூடம் தூரம், வயதுக்கு வந்த பிள்ளை, அப்பா ஒரு சொல் சொன்னார், போதும் என்று. சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார், ஏனென்றால் என் பெயரே போதும்பொண்ணு. நான் நாலாவது பெண், பெண் பிள்ளை போதும் சாமி என்று மேலே பார்த்துச் சொல்வதற்கு வைத்த பெயர், எனக்கு வைத்தது இல்லை, சாமிக்கு எழுதிப்போட்ட மனு. அந்த மனு பலித்தது, அடுத்து என் தம்பி பிறந்தான். அதனால் வீட்டில் என் பெயருக்கு ஒரு மரியாதை உண்டு, சித்தி வீட்டில் ஐந்தாவது பெண் பிறந்தபோது எங்கம்மா போய், எம் மகளுக்கு வச்ச பேர வையி, நின்னுரும் என்று சொல்லிவிட்டு வந்தாள். நின்றது. என் பெயரைச் சொன்னால் வருவது நின்றுவிடும், இது எங்கள் ஊரில் நாலு பேருக்குத் தெரியும். மீனா மேல் அந்தப் பெயரின் நிழல் படக் கூடாது என்றுதான் என் பிறந்த வீட்டுப் பக்கத்துப் பெயர் எதுவும் வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் வழியில் பாண்டிமீனா என்று வைத்தோம்.

போதும்பொண்ணு. யார் சொன்னது. என் நினைப்புத்தான் சத்தமாக வந்துவிட்டதோ என்று வாயைப் பொத்துகிறேன். இல்லை, கதவுக்கு அந்தப் பக்கம் மீனாதான் சொன்னாள், மை மதர் என்றாள், அது எனக்குப் புரியும், அப்புறம் என் முழுப் பெயரையும் சொன்னாள். கம்ப்யூட்டருக்குள் ஒரு அம்மா அதைச் சொல்லிப் பார்க்கிறாள், போடம்போனு, போடம்போனு என்று வாய்க்குள் உருட்டுகிறாள், இன்னொருத்தி ஏதோ கேட்கிறாள், மீனா விளக்குகிறாள், நீளமாக விளக்குகிறாள். அந்த இங்கிலீஷ் மழைக்கு நடுவில் என் பெயர் மட்டும் கல் மாதிரி கரையாமல் கிடக்கிறது. அடிப்பாவி, கட்டுரையில் என்ன எழுதினாய் என்று கேட்டபோது, நம்ம ஊரப் பத்திம்மா என்றாயே, இதைத்தானா எழுதினாய். எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்கூட இல்லை, என் பெயரை விற்று அவளுக்கு ஒரு இடம் கிடைக்கும் என்றால் கூவி விற்கட்டும். ஆனால் பிள்ளைக்கு ஒன்று தெரியவில்லையே, எதை எங்கே சொல்வது என்று தெரியவில்லையே, கைப்பிடி அளவு பேரை எடுக்கிற இடத்தில், இன்னும் ஒரே ஒரு பிள்ளையை எடுப்போமா என்று யோசிக்கிறவர்கள் முன்னால் போய் அந்தப் பெயரைச் சொல்லலாமா. அது எங்கே போனாலும் அந்த ஒரு வேலையைத்தானே செய்யும். போதும் என்றுதானே அவர்களுக்கும் தோன்றும். முருகா, பெயர் வைத்தது அந்த ஊரில், அந்தச் சாமிக்கு, டெல்லிக்கு அது செல்லாது, செல்லாது, செல்லாது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அப்போதுதான் அது வந்தது. பிடித்துக்கொண்டிருந்த கையை எப்போது விட்டேன் என்று தெரியவில்லை. முந்தானையை வாயில் திணிப்பதற்குள் ஒரு தும்மல், அமுக்கின தும்மல்தான், ஆனாலும் தலையே ஆடிப்போனது, அலமாரியில் தம்ளர் ஒன்று கிண்ணென்றது.

அதோடு உள்ளே பேச்சு நின்றுவிட்டது. ஆண் குரல் அதற்குச் சற்று முன்புதான் ஏதோ கேட்டது, மெதுவாகத்தான் கேட்டது, இப்போது பதில் இல்லை. மீனா பேசவில்லை. யாரும் பேசவில்லை. ஒற்றைத் தும்மல். வீட்டை விட்டு ஒருவர் கிளம்பும்போது யாராவது ஒற்றைத் தும்மல் போட்டால் திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும், அவள் எங்கே திரும்பி வருவது, எங்கே தண்ணீர் குடிப்பது, பாதி வழியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். இரட்டைத் தும்மல் என்றால் தோஷமில்லை, இரட்டை நல்லது. இன்னொன்று வர வேண்டும். மூக்கை விட்டுவிட்டு நிற்கிறேன், வராதே என்றால் வந்தது, வா என்றால் வரவில்லை. முந்தானை நுனியைத் திரித்து மூக்கில் விட்டுப் பார்க்கிறேன், கண்ணில்தான் தண்ணீர் வருகிறது. மிளகாய்த்தூள் டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, மூடி இறுக்கம், திறந்தால் டப்பென்று சத்தம் வரும், நகத்தை விட்டு ஓரம் ஓரமாக நெம்பித் திறந்து முகர்கிறேன், நெஞ்சுவரைக்கும் எரிகிறது, தொண்டையில் கமறல் ஏறுகிறது, அதை விழுங்குகிறேன், தும்மல் மட்டும் இல்லை. உள்ளே இன்னும் சத்தம் இல்லை. நெட் போயிருக்குமோ. போயிருக்கும், நெட்டுத்தான் போயிருக்கும், மலையடிவாரம், காற்று அடித்தால் போகும், நெட் போனால் அவர்கள் மறுபடி கூப்பிடுவார்கள், பாவம் என்று ஒரு எண்ணம் வரும், மறுபடி கூப்பிட்டால் புதிதாகத் தொடங்கின மாதிரி ஆகிவிடும். இல்லை, தும்மல் கேட்டுவிட்டது. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், சொல்லிக்கொடுக்க ஆள் வைத்திருக்கிறாயா என்று கேட்டிருப்பார்கள், பிள்ளை வெலவெலத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள். நான் கதவைத் திறந்து போய்ச் சொல்லட்டுமா, அய்யா, நான் எட்டு வரைக்கும்தான், எனக்கு என்ன தெரியும் சொல்லிக்கொடுக்க, நான் தும்மினேன், அவ்வளவுதான், அவளை ஒன்றும் சொல்லாதீர்கள் என்று. கை கதவில் இருக்கிறது. இழுக்கவில்லை. எவ்வளவு நேரம் இது, பால் பொங்குகிற நேரம் இருக்குமா, அதற்கும் மேலா. அப்புறம் பெண் குரல் ஒன்று, இதமாகத்தான், ஏதோ சொல்கிறது. தேங்க் யூ என்கிறாள் மீனா. தேங்க் யூ, தேங்க் யூ சார், தேங்க் யூ மேம். கம்ப்யூட்டர் மூடுகிற சத்தம்.

கதவை அவள் திறக்கவில்லை, நான்தான் திறந்தேன். அதற்குள் வெளியே காம்பவுண்டில் யாரோ டிவியைப் போட்டுவிட்டார்கள், இவ்வளவு நேரம் பிள்ளைக்காக வாய் மூடிக் கிடந்த வீடுகள். மீனா பள்ளிக்கூட யூனிபார்ம் சட்டையைத்தான் போட்டிருக்கிறாள், கீழே வீட்டுப் பாவாடை, மேலே மட்டும்தான் தெரியும் என்று. "தும்மல் கேட்டுருச்சாத்தா" என்கிறேன், "நான் வேணும்னு பண்ணலத்தா, பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன், அந்தத் தூசி." அவள் என்னை நிமிர்ந்து பார்க்கிறாள். "எப்பத் தும்முன?" "அவரு ஏதோ கேட்டாருல்ல, அதுக்கப்புறம். அதுலதான நீ பேச்ச நிப்பாட்டுன." "எனக்கு ஒரு தும்மலும் கேக்கலையே." "அப்ப நெட்டா?" "நெட்டெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு." கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைக்கிறாள், துடைத்ததையே துடைக்கிறாள். "உன் பேரு அர்த்தம் கேட்டாங்கம்மா. சொன்னேன். அந்த மேம் எழுதிக்கிட்டாங்க, ரொம்ப நல்லாக் கேட்டாங்க. அதுக்கப்புறம்தான் அந்த சார் ஆரம்பிச்சாரு. ஒன்னய விட ரொம்ப மேல மார்க் வாங்குன பிள்ளைங்க எங்ககிட்ட வாசல்ல நிக்காங்க, ஒன்னய உள்ள விட்டா அதுல ஒருத்தர வெளிய நிப்பாட்டணும். ஏன் ஒன்னய எடுக்கணும்னு கேட்டாரு. கோவமா இல்லம்மா, சும்மாதான் கேட்டாரு." "நீ என்ன சொன்ன?" "ஒண்ணுமே வரலம்மா. அவங்க காத்திருந்தாங்க, ரொம்ப நேரம் காத்திருந்தாங்க."

அப்படியென்றால் நான் இல்லை. என் தும்மல் இல்லை, என் பெயர் இல்லை, காற்று இல்லை, நெட் இல்லை. அதுவாக இருந்திருக்கக் கூடாதா, என் மேல் போட்டுக்கொண்டு போயிருப்பேனே, சாகிற வரைக்கும் என்னால்தான் என்று சொல்லித் திரிந்திருப்பேனே, அது எவ்வளவு லேசான பாரம். ஏன் எடுக்கணும் என்றா கேட்டார்கள். என்னிடம் யாரும் ஏன் என்று கேட்டதில்லை, வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள், போதும் என்று சொல்லியிருக்கிறார்கள், ஏன் என்று கேட்டுவிட்டு என் வாயைப் பார்த்து யாரும் உட்கார்ந்திருந்ததில்லை. உட்கார்ந்திருந்தார்களாம், ரொம்ப நேரம். எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று தெரியவில்லை, மூடிக்கிடந்த கம்ப்யூட்டரைப் போய்த் திறந்தேன். "மூடியாச்சும்மா, அவங்க போயிட்டாங்க." "நீ சும்மா இரு, நான் சொல்லிக்கிறேன்." கறுப்பாக இருந்தது, என் மூஞ்சிதான் தெரிந்தது, கண்ணெல்லாம் மிளகாயில் சிவந்து. "அய்யா" என்றேன். "எம் பிள்ளைய எடுக்கணும், ஏன்னா." ஏன்னா அவள் யாரும் எழுப்பாமல் எழுந்து படிப்பாள். எல்லாப் பிள்ளையும்தான் படிக்கும். ஏன்னா அவள் பொய் சொல்ல மாட்டாள், பஸ்ஸில் வயசாளி நின்றால் எழுந்து இடம் விடுவாள், அப்பாவிடம் அடி வாங்கினாலும் கேட்க வேண்டியதைக் கேட்பாள். அந்த வாசலில் நிற்கிற மற்றப் பிள்ளைகளைப் பெற்றவளும் இதையேதான் சொல்வாள், அவளிடம் இதுவும் இருக்கும், மார்க்கும் இருக்கும். ஏன்னா அவள் என் பிள்ளை. அது ஒரு காரணமா. "ஏன்னா" என்று மறுபடியும் ஆரம்பித்தேன். மீனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் வந்து நின்று, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கும் அந்தக் காரணம் தெரிய வேண்டியிருந்தது.